சிறிய ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுவதன் சுகமும் சிரமமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் வடபகுதியில் பல ஆண்டுகளாக நான் ஓட்டிவருவது இரண்டாம் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. இரண்டே இருக்கைகள், துணிக்கூரை, ஏறத்தாழ ஒரு டன் எடை கொண்ட கார். அதைப் பார்க்கும் நண்பர்களும் உறவினர்களும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், அவற்றுக்கான விடைகளை இங்கே தொகுத்துத் தருகிறேன். வாங்கலாமா என்று யோசிப்பவர்களை மனத்தில் வைத்து எழுதியிருப்பதால், குறைகளை எங்கும் குறைத்துச் சொல்லவில்லை.

சிறிய ஸ்போர்ட்ஸ் கார் என்று எதைச் சொல்கிறோம்?

வேகமான கார்கள் எல்லாம் இந்த வகையில் சேரா. நான்கு மீட்டருக்கு உட்பட்ட நீளம், ஒரு டன்னை ஒட்டிய எடை, இருவருக்கு மட்டும் இடம், சாதாரணக் காரிலிருந்து எடுத்து மெருகேற்றிய சிறிய எஞ்சின், எஞ்சினின் விசை பின் சக்கரங்களுக்கு மட்டும் போகும் பின்சக்கர இயக்கம் ஆகியவையே இதன் பொது அடையாளங்கள். 1960களில் பிரிட்டனில் வந்த எம்ஜி மிட்ஜெட், எம்ஜிபி, டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், லோட்டஸ் எலான் ஆகியவை இந்த மரபின் மூத்தவை. 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான மாஸ்டா எம்எக்ஸ்-5, 1996இல் வெளிவந்த லோட்டஸ் எலீஸ் ஆகியவை அடுத்த தலைமுறை. ஜப்பானில் 660 சிசி எஞ்சின், 64 குதிரைத்திறன் என்ற, கெய் எனப்படும் மிகச் சிறிய கார் வகையின் வரம்புக்குள் அடங்கி 1991இல் வந்த ஹோண்டா பீட், சுசுகி கப்புசினோ ஆகியவற்றையும் இதில் தாராளமாகச் சேர்க்கலாம். இவ்வகைக் கார்களில் ஆகச் சிறியவை அவை. எனக்கு மிகவும் பிடித்த வடிவங்களும் அவைதாம்.

குதிரைத்திறன் இவ்வளவு குறைவாக இருக்கும்போது இதில் என்ன சுகம் இருக்க முடியும்?

முதல் எம்எக்ஸ்-5இன் 1.6 லிட்டர் எஞ்சின் தந்தது ஏறத்தாழ 115 குதிரைத்திறன். நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தை எட்ட அதற்குச் சுமார் ஒன்பது விநாடிகள் ஆகும். இன்று பள்ளிக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் சாதாரண மின்சாரக் கார்கள்கூட இதைச் சிக்னலில் பின்னுக்குத் தள்ளிவிடும் என்பது உண்மை. ஆயினும் அந்த ஒப்பீடு இந்தக் கார் எதற்காகச் செய்யப்பட்டதோ அதைத் தொடுவதே இல்லை.

பிரிட்டனில் இருவழி நாட்டுப்புறச் சாலைகளின் வேக வரம்பு மணிக்கு 60 மைல், அதாவது ஏறத்தாழ 97 கி.மீ. முதல் எம்எக்ஸ்-5இல் இரண்டாம் கியரில் எஞ்சினை நிமிடத்துக்கு 7,000 சுற்று வரை இழுத்தாலும் வேகம் ஏறத்தாழ 95 கி.மீ. அளவில்தான் நிற்கும். ஆக, எஞ்சினின் முழுக் குரலையும், கிளட்சை மிதித்துச் சிறிய கியர் குச்சியை மணிக்கட்டின் அசைவிலேயே அடுத்த இடத்துக்குத் தள்ளும் இன்பத்தையும் சட்டத்தை மீறாமல் அனுபவித்துக்கொண்டே இருக்கலாம். 500 குதிரைத்திறன் கொண்ட காரை வைத்திருப்பவர் அதே சாலையில் ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தால் மூன்று நான்கு விநாடிகளில் காலை எடுத்துவிட வேண்டியிருக்கும். தன் காரின் பெரும்பகுதியை அவர் ஒருநாளும் பயன்படுத்துவதில்லை.

இரண்டாவது, காரோடு நடக்கும் உரையாடல். வளைவு வருவதற்கு முன் பிரேக்கை மிதித்தால் மூக்கு சற்றே தாழ்கிறது. முன் டயர்கள் மீது எடை ஏறுவது ஸ்டியரிங்கின் கனத்தில் தெரிகிறது. பிரேக்கை மெல்ல விட்டுக்கொண்டே திருப்பினால் கார் முதலில் சற்றுச் சாய்ந்து, பிறகு ஓர் இடத்தில் நிலைகொள்கிறது. பின் அச்சுக்கு மிக அருகில், தரையிலிருந்து சில அங்குல உயரத்தில் உட்கார்ந்திருப்பதால், பின் டயர்கள் பிடியை இழக்கத் தொடங்குவதைக் கண்ணும் காதும் சொல்வதற்கு முன்பே இடுப்பு சொல்லிவிடுகிறது. வளைவின் நடுப்பகுதியைத் தாண்டி ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது பின்பக்கம் அமர்ந்து முன்னோக்கித் தள்ளுகிறது. இவ்வளவும் 60, 70 கி.மீ. வேகத்திலேயே நடக்கின்றன. முதல் தலைமுறைக்கு வந்த டயரின் அகலம் 185 மி.மீ. மட்டுமே. அகலமான டயர் போட்டிருந்தால் இதே உணர்வுகளைப் பெற இன்னும் பல மடங்கு ஆபத்தான வேகத்துக்குப் போக வேண்டியிருக்கும்.

எடை குறைவு என்பதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறார்கள்?

காரின் நல்ல குணங்களும் தீய குணங்களும் இந்த ஒரே காரணத்திலிருந்து பிறப்பதால்தான். எடை குறைந்தால் நிறுத்துவதற்குச் சிறிய பிரேக் போதும், திருப்புவதற்கு ஒல்லியான டயர் போதும், இழுப்பதற்குச் சிறிய எஞ்சின் போதும். அவை ஒவ்வொன்றும் மேலும் எடையைக் குறைக்கின்றன. காலின் சாப்மன் நிறுவிய லோட்டஸ் நிறுவனம் இந்த வழியில் மிகத் தொலைவு சென்றது. அலுமினியத் துண்டுகளைப் பசையால் ஒட்டிச் செய்த சட்டகத்தின் மீது உருவான முதல் எலீஸின் எடை ஏறத்தாழ 725 கிலோதான்.

எடை எவ்வளவு என்பதோடு அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். எம்எக்ஸ்-5இல் எஞ்சின் முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. முதல் இரண்டு தலைமுறைகளில் பேட்டரியைக்கூட முன்னால் வைக்காமல் டிக்கிக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். கனமான பொருள்கள் நடுவில் குவிந்திருக்கும்போது கார் திசை மாறத் தயங்குவதில்லை. அதே சமயம், ஒலியை அடக்கும் தடித்த பஞ்சுப் படலங்கள், கனமான கண்ணாடி, இரட்டைத் தகடுகள் ஆகியவற்றுக்கும் இங்கே இடமில்லை. அமைதியும் சொகுசும் எடையோடுதான் வருகின்றன.

பிரிட்டிஷ் கார்களைப் பற்றிப் பேசாமல் ஜப்பான் காரையே ஏன் பேசுகிறீர்கள்?

இந்த மரபு பிரிட்டனில் செழித்து, அங்கேயே ஏறத்தாழ அழிந்து, மாஸ்டாவின் ஊரான ஹிரோஷிமாவில் மீண்டும் உயிர்பெற்றது என்பதால்தான். 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட எம்ஜிபி கார்கள் உருவாயின. அவற்றுள் பெரும்பாலானவை அமெரிக்காவுக்குக் கப்பலேறின. அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளுக்காக 1974இல் அவற்றுக்குக் கனத்த கறுப்பு ரப்பர் பம்பர்கள் பொருத்தப்பட்டன. விளக்குகளின் உயரம் விதிக்குப் பொருந்த வேண்டும் என்று காரையே தூக்கி நிறுத்தினார்கள். திருப்பங்களில் அது முன்போல் நடந்துகொள்ளவில்லை. 1980இல் ஆபிங்டனில் இருந்த எம்ஜி தொழிற்சாலை மூடப்பட்டது.

அமெரிக்கப் பத்திரிகையாளராக இருந்த பாப் ஹால், அத்தகைய எளிய திறந்த காரை மாஸ்டா செய்ய வேண்டும் என்று அந்நிறுவனத்தின் கெனிச்சி யமமோட்டோவிடம் 1970களின் இறுதியில் எடுத்துச் சொன்னார். பின்னர் ஹாலே மாஸ்டாவில் சேர்ந்தார். தோஷிஹிகோ ஹிராய் தலைமையில் அந்தக் கார் உருவானது. மழையில் நனைந்தாலும் கிளம்பும் மின்னமைப்பு, எண்ணெய் ஒழுகாத எஞ்சின், ஒரு கையால் இழுத்து மூடக்கூடிய கூரை என, பிரிட்டிஷ் கார்களில் மக்கள் சகித்துக்கொண்ட தொல்லைகளை நீக்கிவிட்டு அவற்றின் உயிரை மட்டும் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பேன். 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது எம்எக்ஸ்-5 தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. இருவர் அமரும் திறந்த ஸ்போர்ட்ஸ் கார்களில் உலகிலேயே அதிகம் விற்றது இதுதான்.

வளைவில் பின்பக்கம் வழுக்கிச் சுழன்றுவிடும் என்று சொல்கிறார்களே?

பழைய கார்கள் சிலவற்றுக்கு அந்தப் பெயர் வரக் காரணம் இருந்தது. டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் உருவானது டிரையம்ஃப் ஹெரால்டின் சேஸிஸை, அதாவது அடிச்சட்டகத்தை, சுருக்கித்தான். அந்த ஹெரால்டைத்தான் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ற பெயரில் 1961 முதல் தயாரித்தது. மிகக் குறுகிய இடத்தில் முழு வட்டம் அடித்துத் திரும்பும் அதன் திறமையைச் சென்னையின் மூத்த ஓட்டுநர்கள் இன்னும் நினைவில் வைத்திருப்பார்கள். இரண்டு கார்களிலும் பின் சக்கரங்களைத் தாங்கிய அரை அச்சுகள், நடுவிலுள்ள மூட்டிலிருந்து மேலும் கீழும் ஊசலாடும் வகையில் அமைந்திருந்தன. வளைவின் நடுவில் ஓட்டுநர் பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால், எடை முன்னால் பாய்ந்து காரின் பின்பகுதி எழும். வெளிப்பக்கத்துச் சக்கரம் உள்நோக்கி மடங்கி டயரின் ஓரத்தில் மட்டும் நிற்கும். அந்தக் கணத்தில் பிடி போய்விடும். 1970இல் வந்த நான்காம் பதிப்பு ஸ்பிட்ஃபயரில் பின் வில்லின் அமைப்பை மாற்றி இதைப் பெரிதும் சரிசெய்தார்கள். சென்னையிலோ, அடுத்து வந்த ஸ்டாண்டர்ட் கேசல் காரில் அந்த அமைப்பையே கைவிட்டு, இரு பின் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே அச்சுக்கு மாறினார்கள்.

எம்எக்ஸ்-5இன் நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனித் தொங்கலமைப்பு (சஸ்பென்ஷன்) இருப்பதால் இத்தகைய திடீர்த் துரோகம் அதன் இயல்பில் இல்லை. ஆனாலும் அது பின்சக்கர இயக்கக் கார். மழை பெய்து நனைந்த வட்டச் சந்திப்பில், தேய்ந்த அல்லது காய்ந்து இறுகிய டயரோடு, இரண்டாம் கியரில் அவசரப்பட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பின்பக்கம் நிச்சயமாக விலகும். குறைவாக ஓடும் கார்களில் டயரின் பள்ளங்கள் தேயாமலே ரப்பர் கிழடு தட்டிவிடும். எனவே பழைய காரை வாங்கியவுடன் நல்ல டயர்கள் நான்கையும் மாற்றுவதே முதல் செலவாக இருக்க வேண்டும். எஞ்சின் நடுவில் அமைந்த டொயோட்டா எம்ஆர்2 போன்ற கார்களுக்கு இதைவிடக் கூடுதல் பொறுமை வேண்டும்; அவை வழுக்கத் தொடங்கினால் திருத்திக்கொள்ளக் கிடைக்கும் நேரம் குறைவு.

கூரையைத் திறந்து ஓட்டுவது நடைமுறையில் எப்படி இருக்கும்?

கோடை நண்பகலில் சுகமாக இருக்காது. உச்சி வெயில் நேரே தலையில் இறங்கும். ஒரு மணி நேரத்தில் நெற்றியும் முன்கைகளும் கன்றிவிடும். இதற்கு உகந்தவை காலையும் மாலையும், வசந்தமும் இலையுதிர்காலமும், மழையில்லாத குளிர்நாளும்தான். பக்கக் கண்ணாடிகளை ஏற்றி, ஹீட்டரைக் காலுக்குத் திருப்பி, தலைக்குக் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டால் ஐந்து டிகிரிக் குளிரிலும் இடுப்புக்குக் கீழ் கதகதப்பாக இருக்கும். காற்று முன்னாலிருந்து அடிப்பதில்லை. கண்ணாடிக்கு மேலாகப் பாய்ந்து, இருக்கைகளுக்குப் பின்னால் சுழன்று, பிடரியில் வந்து மோதுகிறது. இருக்கைகளுக்கு இடையே நிற்கும் சிறிய தடுப்பு அதைப் பெருமளவு தணிக்கும்.

சாலையின் மணங்கள் அப்படியே வந்து சேரும் என்பது இதன் தனிச் சிறப்பு. வெட்டிய வைக்கோல், மழைக்குப் பிந்தைய மண், பைன் மரங்களின் பிசின் ஆகியவற்றோடு, முன்னால் போகும் லாரியின் டீசல் புகையும் பண்ணை உரத்தின் நெடியும் வரத்தான் செய்யும்.

அன்றாடப் பயன்பாட்டில் என்னென்ன இடைஞ்சல்கள் உள்ளன?

முதலாவது சத்தம். நெடுஞ்சாலையில் 110 கி.மீ. வேகத்தில் துணிக்கூரை மூடியிருந்தாலும் காற்றும் டயரும் எஞ்சினும் சேர்ந்து எழுப்பும் இரைச்சலில் பக்கத்து இருக்கைக்காரரோடு பேசக் குரலை உயர்த்த வேண்டும். மூன்று மணி நேரம் அப்படி ஓட்டிவிட்டு இறங்கினால் தலையே கனக்கும். நீண்ட பயணங்களுக்கு நான் காதடைப்பான் வைத்துக்கொள்கிறேன்.

அடுத்தது இடம். 2015 முதல் விற்கும் நான்காம் தலைமுறையின் டிக்கி 130 லிட்டர். விமானத்தில் கையோடு எடுத்துச் செல்லும் பெட்டிகள் இரண்டை வைத்தால் நிறைந்துவிடும். அதில் ஸ்டெப்னியும் கிடையாது. பஞ்சரானால் ஒட்டும் திரவமும் காற்றடிக்கும் சிறிய பம்ப்பும்தான் துணை. கதவருகே தண்ணீர் பாட்டில் வைக்கவும் வசதியில்லை.

மூன்றாவது உடல். இருக்கையில் அமர்வது எளிது, எழுவது கடினம். முதலில் காலை வெளியே வைத்து, ஒரு கையைக் கதவுச் சட்டத்தில் ஊன்றி, முதுகைத் திருப்பாமல் எழ வேண்டும். முழங்கால் வலியோ இடுப்புப் பிடிப்போ உள்ளவர்களுக்கு இது பெரும் சோதனை. லோட்டஸ் எலீஸில் கதவுக்குக் கீழேயுள்ள சட்டகம் அகலமாகவும் உயரமாகவும் இருப்பதால், மழைநாளில் கூரை மூடிய நிலையில் அதற்குள் புகுவதற்குத் தனிப் பயிற்சியே தேவை.

பெரிய வண்டிகளுக்கு நடுவே பாதுகாப்பாக இருக்குமா?

ஒரு பெரிய எஸ்யூவியோடு மோதினால் எடை குறைந்த காரே கூடுதலாக அடிபடும். இதை மழுப்புவதில் பயனில்லை. முதல் இரண்டு தலைமுறைகளில் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் வளையங்கள் பொதுவாகத் தொழிற்சாலையிலிருந்து வரவில்லை. உரிமையாளர்கள் பலர் தாமே வாங்கிப் பொருத்திக்கொண்டார்கள். நான்காம் தலைமுறைக்கு 2015ஆம் ஆண்டில் யூரோ என்கேப் என்ற ஐரோப்பியக் கார் பாதுகாப்பு அமைப்பின் சோதனையில் ஐந்தில் நான்கு நட்சத்திரங்கள் கிடைத்தன. அன்றாடம் கவனிக்க வேண்டியது வேறு: லாரி ஓட்டுநரின் இடப்பக்க வலப்பக்கக் கண்ணாடிகளில் நாம் தெரிய மாட்டோம். லாரியை ஒட்டி ஓட்டாமல், தாண்டுவதாக இருந்தால் விரைந்து தாண்டிவிட வேண்டும். இரவில் எதிரே வரும் உயரமான வண்டிகளின் விளக்கு நேராகக் கண்ணில் பாயும். இந்தத் தொல்லை ஆண்டுதோறும் கூடிவருகிறது.

பழைய காரை வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

துருவை. எஞ்சினைப் பற்றிய கவலை அடுத்ததுதான், மாஸ்டாவின் 1.6, 1.8 லிட்டர் எஞ்சின்கள் எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தால் இரண்டு லட்சம் கி.மீ. தாண்டியும் உழைக்கும். இந்தக் கார்களைக் கொல்வது பிரிட்டனில் குளிர்காலச் சாலையில் தூவும் உப்பும், கூரையிலிருந்து வடியும் நீரும்தான்.

துணிக்கூரையின் மீது விழும் மழைநீர் பின்னால் ஒரு வாய்க்காலில் சேர்ந்து, இருக்கைகளுக்குப் பின்னுள்ள இரண்டு குழாய்கள் வழியாகக் காருக்கு அடியில் இறங்க வேண்டும். மரத்தடியில் நிறுத்திய காரில் இலைச்சருகும் மண்ணும் சேர்ந்து அந்தக் குழாய்களை அடைத்துவிடும். பிறகு தண்ணீர் உள்ளே தேங்கி, கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற தகட்டை உட்புறத்திலிருந்து அரிக்கிறது. வெளியே வண்ணத்தில் சிறு கொப்புளம் தெரியும்போது உள்ளே தகடு சல்லடையாகியிருக்கும். பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் இருக்கும் மூலைதான் முதலில் போகும் இடம். ஆகவே வாங்கப் போகும்போது ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். வாய்க்காலில் மெல்ல ஊற்றி, பின் சக்கரத்துக்கு முன்பாக அது தாராளமாகக் கீழே சொட்டுகிறதா என்று பாருங்கள். இருக்கைக்குப் பின்னாலுள்ள கம்பளத்தைக் கையால் அழுத்தி ஈரம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரண்டாம் தலைமுறையில் இன்னொரு மறைவான இடம் உண்டு. முன்பக்கச் சேஸிஸ் கம்பிகள் இரட்டைத் தகடுகளால் ஆனவை. அவற்றுக்கிடையே நீர் புகுந்து அரித்தால் காரை லிஃப்டில் ஏற்றாமல் தெரியாது. பிரிட்டனின் ஆண்டுத் தகுதிச் சோதனையில் பல கார்கள் தோற்பது இந்த இரண்டு இடங்களில்தான். வெட்டியெடுத்துப் புதிய தகட்டை வெல்டிங் செய்யும் கூலி, சில சமயம் காரின் விலையையே தாண்டிவிடும். பளபளக்கும் வண்ணத்துக்காக மயங்காமல், அடிப்பாகம் சுத்தமாக உள்ள மங்கிய காரைத் தேர்ந்தெடுப்பதே என் அழுத்தமான பரிந்துரை.

முதல் தலைமுறையில் பின் ஜன்னல் பிளாஸ்டிக்கால் ஆனது. கூரையை மடக்கும் முன் அதன் ஜிப்பைத் திறந்து ஜன்னலைத் தனியே படியவிட வேண்டும். குளிரில் அப்படியே மடக்கினால் விரிசல் விடும்.

செலவு எவ்வளவு ஆகும்?

எம்எக்ஸ்-5ஐப் பொறுத்தவரை சிறிய குடும்பக் காருக்கு ஆகும் அளவுதான்: நிதானமாக ஓட்டினால் லிட்டருக்கு ஏறத்தாழ 15 கி.மீ. ஓடும், டயரும் பிரேக்கும் சிறியவை, உதிரிப்பாகங்கள் எங்கும் கிடைக்கும். துணிக்கூரையை மட்டும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். லோட்டஸ், ஹோண்டா எஸ்2000 போன்றவற்றின் உதிரிப்பாகச் செலவு வேறு உயரத்தில் இருக்கிறது.

குடும்பத்துக்கு ஒரே காராக வைத்துக்கொள்ளலாமா?

குழந்தைகள் உள்ள வீட்டுக்குக் கூடாது.

இந்தியாவில் ஓட்ட முடியுமா?

எம்எக்ஸ்-5 இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்பனைக்கு வந்ததில்லை. மூன்று ஆண்டுகளைத் தாண்டிய பழைய கார்களை இறக்குமதி செய்யப் பொதுவாக அனுமதி இல்லை. வரியோ விலையை இரட்டிப்பாக்கிவிடும். 1990களின் இறுதியில் கோவாவில் தயாரான சான் ஸ்டார்ம், ரெனோவின் 1.2 லிட்டர் எஞ்சினோடு ஃபைபர் உடலில் வந்த உள்நாட்டு முயற்சி. சிறிய எண்ணிக்கையிலேயே நின்றுபோனது. அந்த முயற்சி தொடர்ந்திருக்க வேண்டும் என்று இன்றும் ஆதங்கப்படுகிறேன். கார் கிடைத்தாலும் நம் ஊர் வேகத்தடைகளைத் தாண்ட இதன் தரைமட்ட இடைவெளி போதாது. கொடைக்கானல், ஏற்காடு மலைச்சாலைகள் இதற்கென்றே போட்டவை போல இருந்தாலும், அங்கே போய்ச்சேரும் வரை அடிப்பாகம் தப்ப வேண்டும்.

மின்சார யுகத்தில் இத்தகைய கார் நீடிக்குமா?

பேட்டரியின் எடைதான் இங்கே பெருந்தடை. எம்ஜி பெயரில் இப்போது வந்திருக்கும் சைபர்ஸ்டர் என்ற இருவர் அமரும் மின்சாரக் காரின் எடை இரண்டு டன்னை நெருங்குகிறது, நீளம் நான்கரை மீட்டர். அது மிக வேகமான கார், அழகான காரும்கூட. ஆனால் எம்ஜி மிட்ஜெட்டின் வாரிசு என்று அதை என்னால் ஏற்க முடியவில்லை. பேட்டரி இன்றைய எடையில் பாதியாகக் குறையும் நாளில் இந்த வகைக்கு மின்சார எதிர்காலம் பிறக்கலாம். எஞ்சின் ஒலி இல்லாவிட்டாலும், எடை குறைவாக இருந்தால் அத்தகைய காரை முதல் ஆளாக ஓட்டிப் பார்ப்பேன்.

முதன்முதலாக ஓட்டிப் பார்க்கும்போது எதில் கவனம் வைக்க வேண்டும்?

வேகத்தைச் சோதிக்காதீர்கள். முதலில் இருக்கையைச் சரிசெய்து, கூரையை மூடி, அரை மணி நேரம் உள்ளேயே உட்காருங்கள். பழைய தலைமுறைகளில் ஸ்டியரிங்கை முன்னும் பின்னும் நகர்த்த முடியாது. நான்காம் தலைமுறையிலும் அந்த வசதி 2018இல் செய்த மாற்றத்தோடுதான் வந்தது. கிளட்சை முழுதாக மிதிக்கும்போது முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கிறதா, தலை கூரையின் குறுக்குக் கம்பியில் முட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு குண்டும் குழியுமான தெரு, ஒரு வளைவுச் சாலை, பத்து நிமிட நெடுஞ்சாலை ஆகிய மூன்றையும் அதே நாளில் ஓட்டிப் பாருங்கள். ஆறடிக்கு மேல் உயரமுள்ளவர்கள் முதல் இரண்டு தலைமுறைகளை விட்டுவிட்டு, உட்புறம் சற்றுத் தாராளமான 2005க்குப் பிந்தைய மூன்றாம் தலைமுறையிலிருந்து தேடத் தொடங்குவது நல்லது.